ஆரணித் தறிவீட்டுக் காற்று

2025ஆம் ஆண்டு வியன்னா பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள ஈபிஎஃப்எல் நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. ஆராயப்பட்டது தொழிற்சாலைக் காற்று அல்ல, உடற்பயிற்சிக்காக மக்கள் பணம் கட்டிப் போகும் இடத்தின் காற்று. செயற்கைச் சுவரில் வண்ணப் பிடிகளைப் பொருத்தி, அதில் கையும் காலும் ஊன்றி ஏறும் உள்ளரங்கக் கூடங்கள் ஐரோப்பிய நகரங்களில் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இந்தச் சுவரேற்றம் போட்டியாகச் சேர்க்கப்பட்ட பிறகு பெங்களூரு, சென்னை இளைஞர்களுக்கும் அதில் ஆசை வந்திருக்கிறது. அந்தக் கூடங்களின் காற்றிலும் தூசியிலும் ரப்பரிலிருந்து உதிர்ந்த 15 வேதிப்பொருள்களை ஆய்வாளர்கள் தேடினார்கள். கிடைத்த அளவு பெருநகரங்களின் பரபரப்பான சாலையோரத்துக்கு ஒப்பாக இருந்தது. வழுக்காமல் இருக்க அந்த விளையாட்டுக் காலணிகளின் அடியில் ஒட்டப்படும் ரப்பர், வேதியியல் கணக்கில் வாகன டயருக்குச் சொந்தக்காரன். டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருளும் அதில் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு, அந்தப் பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறிய வடிவமே காரணம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. மனித நுரையீரலுக்கு அது என்ன செய்யும் என்பதற்கு இன்னும் முடிவான பதில் இல்லை.

பட்டு நெய்யும் ஆரணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் சுவரில் இல்லை, அறையில் இருக்கிறது. நான்கு சுவருக்குள் ஒரு பொருள் இடைவிடாமல் தேய்ந்துகொண்டிருக்கிறது, அதே அறையில் ஒருவர் உடலை வருத்தி வேகமாக மூச்சு வாங்குகிறார், காற்று வெளியேற வழி போதவில்லை. இந்த மூன்றும் சேரும் இடம் எதுவானாலும் நுரையீரல் ஒரே கணக்கைத்தான் போடும். ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கம் பட்டு நெய்யும் வீடுகளில் இந்த மூன்றும் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்தே இருக்கின்றன. சுவரேறுபவர் வாரத்தில் சில மணி நேரம் அங்கே இருந்துவிட்டு வீட்டுக்குப் போவார். நெசவாளருக்கு அந்த அறைதான் வீடு.

முதலில் தூசியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட பெரும்பாலான துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும், சளியோடு வெளியே வரும். பிஎம் 10 என்பது பத்து மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். பிஎம் 2.5 அதிலும் நுண்ணியது, கடைசி வரை போய்க் காற்றுப்பைகளைத் தொடக்கூடியது. நுரையீரலில் அப்படிப்பட்ட பைகள் சுமார் 30 முதல் 48 கோடி. மூச்சுக்குழலில் உள்ள நுண்ணிய முடிகள் சளியை மேல்நோக்கித் தள்ளித் தூசியை அப்புறப்படுத்தும். பைகளுக்குள் அந்த முடிகள் இல்லை. அங்கே தூசியை விழுங்குவதற்கென்று தனிச் செல்கள் இருக்கின்றன. அவற்றால் கரைக்க முடியாத பொருள் அங்கேயே தங்கிவிடுகிறது, தங்கிய இடத்தில் அழற்சி, அழற்சி ஆறிய இடத்தில் தழும்பு. தழும்பு விழுந்த பை பழையபடி விரியாது.

இரண்டாவது கணக்கு, தூசி தரைக்கு வரும் நேரம். பத்தடி உயர அறையில், காற்று அசையாமல் இருந்தால், பத்து மைக்ரோமீட்டர் துகள் மேலிருந்து கீழே வரக் கால் மணி நேரம் ஆகும். இரண்டரை மைக்ரோமீட்டர் துகளுக்குச் சுமார் நாலு மணி நேரம். ஒரு மைக்ரோமீட்டர் துகளுக்கு ஒரு நாள். அறையில் ஆள் நடமாடினாலே போதும், அது கீழே இறங்கவே இறங்காது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் தூசியை நினைத்துக் கவலைப்படுவதைவிட, தெரியாததை நினைத்துக் கவலைப்பட வேண்டும். வீட்டில் ‘சுத்தமாத்தான் இருக்கு’ என்று சொல்வதற்கும் காற்று சுத்தமாக இருப்பதற்கும் தொடர்பு குறைவு.

மூன்றாவது, எவ்வளவு மூச்சு. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். தறி மிதிப்பவருக்கு அதைவிடக் கூடுதல். சுவரேறுபவருக்கோ அதற்கும் மேல். வேலை கடினமானால் வாயாலும் மூச்சு விடுகிறோம், மூக்கின் வடிகட்டி அப்போது வேலையிழந்து நிற்கிறது.

இனி பட்டுக்கு வருவோம். ஒரு பட்டுக்கூட்டிலிருந்து ஒரே இழையாக அறுநூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வரை வரும். அந்த இழையை ஒட்டியிருக்கும் பசைப் புரதம் செரிசின், எடையில் நான்கில் ஒரு பங்குக்கு அருகில். பருத்தி துண்டு துண்டான நாரால் ஆனது, அதனால் தறியில் பஞ்சு பறக்கும். பட்டு இழை நீளமானது, உதிர்வது குறைவு. எனவே பட்டுத் தறியைப் பருத்தி நூற்பாலையோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவது நியாயமில்லை. பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோய், வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போது நெஞ்சை இறுக்கும். அதனால் அதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்று ஒரு பெயரும் உண்டு. பருத்திச் செடியின் மேலுள்ள பாக்டீரியாவின் நச்சு அதில் பெரும்பங்கு வகிக்கிறது. அமெரிக்கா 1978இல் நூற்பாலைகளுக்குக் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று பருத்தித் தூசிக்கு வரம்பு வைத்தது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் பிசினோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது.

பட்டுக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. தூசியின் அளவைவிட அதன் புரதம்தான் பிரச்சினை. செரிசினும் பட்டுப்புழு, அந்துப்பூச்சியின் உடல் புரதங்களும் சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டிவிடும், ஆஸ்துமாவாக முற்றும். கர்நாடகப் பட்டு இழைப்பாலைகளில் தொழில் ஆஸ்துமா இருப்பதை 1980களிலேயே பெங்களூரு விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். இலங்கையில் மார்பு நோய் மருத்துவர் சி.ஜி. ஊரகொட பட்டுத் தொழிலாளர்களிடம் ஆஸ்துமாவை ஆராய்ந்து 1991இல் எழுதினார். இந்தக் கண்டுபிடிப்புகள் கூட்டை வேகவைத்து இழை எடுக்கும் இடங்களைப் பற்றியவை. ஆரணி நெசவாளர் கைக்குப் பட்டு வரும்போது அந்தக் கட்டம் கடந்திருக்கும். அவருக்கு மிச்சமிருப்பது சோப்பும் சோடாவும் போட்டுப் பசை நீக்கும்போது எழும் ஆவி, ராட்டையில் நூல் சுற்றும்போது உதிரும் நுண்துணுக்கு, பாவுக்குப் போட்ட கஞ்சி காய்ந்து பொடியாகிப் பறப்பது. வேலையில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் சாயம் என்பது என் எண்ணம். சாயம் கரைந்தபின் சாயச்சட்டி அவ்வளவு மோசமில்லை, மூடியைத் திறந்து பொடியை நிறுத்துக் கலக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் மோசம். ரியாக்டிவ் வகைச் சாயப்பொடி ஆஸ்துமாவை உண்டாக்கும் என்று நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் வாசல் பக்கம் போய், பொடி முகத்துக்கு வராதபடி நின்று கலக்கினாலே ஆபத்து குறையும்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இல் தொழில் நோய்கள் குறித்து எழுதிய நூலில் ஆளி, சணல், பட்டு சிக்கெடுப்பவர்களுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே: நீ என்ன வேலை செய்கிறாய்? முந்நூறு ஆண்டுகள் ஆகியும் நம் கிளினிக்குகளில் அந்தக் கேள்வி அவசரத்தில் விடுபட்டுப் போகிறது. சர்க்கரை, பிரஷர் கேட்பார்கள், புகைபிடிப்பீர்களா என்றும் கேட்பார்கள்.

தறிவீட்டின் காற்றை அதிகம் கெடுப்பது தறி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கூடத்தில் தறி, பின்னால் சமையல், மேலே பரண், மாலையில் சாம்பிராணி, இரவில் கொசுவர்த்தி. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளியிடும் பிஎம் 2.5 அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கணக்கிட்டது. காலையில் நெசவாளர் தறியில் உட்காரும்போது இரவுப் புகையின் மிச்சம் அறையில் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். விறகடுப்பு எரியும் வீடானால் இன்னும் மோசம். தமிழகத்து வீட்டடுப்புப் புகையைப் பல ஆண்டுகளாக அளந்துவரும் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு பங்கெடுத்த ஒரு சர்வதேச ஆய்வு, விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பைக் கொடுத்துப் பார்த்தது. நான்கு நாடுகளில் சேர்ந்து 3,200 பேர். அவர்கள் ஆட்பட்ட பிஎம் 2.5 அளவு, பழைய அடுப்பில் தொடர்ந்தவர்களிடம் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், எரிவாயு பெற்றவர்களிடம் 24. ஆனால் 2022இல் வெளியான முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. இதைச் சிலர் ‘அடுப்பு மாற்றிப் பயனில்லை’ என்று படித்தார்கள். நான் அப்படிப் படிக்க மாட்டேன். சில மாதங்கள் புகை குறைவது வேறு, முப்பது வருட நுரையீரலைக் காப்பது வேறு.

ஆரணிக்கு இன்னொரு தூசியும் உண்டு, வெளியிலிருந்து வருவது. பட்டோடு சேர்த்து ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அரிசி. நெல்லைப் புழுக்க ஆவி வேண்டும், ஆவிக்குக் கொதிகலன் வேண்டும், கொதிகலனுக்கு எரிபொருள் அந்த நெல்லின் உமியே. சிக்கனமான ஏற்பாடுதான். நூறு கிலோ நெல்லில் சுமார் இருபது கிலோ உமி, அதை எரித்தால் நான்கு கிலோ சாம்பல். சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. குறைந்த சூட்டில் எரிந்தால் அந்தச் சிலிக்கா ஓரளவு தீங்கு குறைந்த வடிவில் இருக்கும், சூடு மிகும்போது கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறும். படிகச் சிலிக்கா உடலுக்கு எவ்வளவு கெடுதல் என்பதைக் கல்குவாரித் தொழிலாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆலைப் புகைபோக்கியில் சைக்ளோன் என்ற சுழல் பிரிப்பான் இருந்தால் பெரிய துகள்கள் பிடிபடும், நுண்ணியவை தப்பும். அதையும் தாண்டிப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டி வேண்டும். ஆலையடித் தெருவில் கரித்துகள் மொட்டைமாடித் துணியில் படுவது பெண்களுக்குப் பழகிப்போன எரிச்சல். துணியில் படிவது நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள். சிறியது எங்கே போகிறது என்பதைத் துணியால் சொல்ல முடியாது.

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரநிலைப்படி பிஎம் 2.5 நாள் சராசரி 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்தது 15. அந்த இந்திய வரம்பு வெளிக்காற்றுக்கானது. வீட்டுக்குள் தறி ஓடும் அறைக்கு எந்தத் தரநிலை பொருந்தும் என்று கேட்டால் பதில் தடுமாறும். மின்சாரம் பயன்படுத்தினால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் பழைய தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலை என்றது. கணவனும் மனைவியும் உறவுக்காரர் ஒருவரும் நெய்யும் வீடு அதில் சேராது. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வேலை நடப்பது பெரும்பாலும் வீட்டிலேயே. காற்றை அளக்க அங்கே எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை.

இங்கேதான் சுவரேற்றக் கூடங்களின் அனுபவம் கைகொடுக்கிறது. கைவியர்வையை உறிஞ்ச அங்கே மக்னீசியம் கார்பனேட் பொடியைப் பூசுவார்கள். ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து அதை 1950களில் பாறையேற்றத்துக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கரான ஜான் கில். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் வைன்ப்ரூக் குழு கூடங்களின் காற்றை அளந்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டம் மிகுந்த நேரங்களில் பிஎம் 10 கன மீட்டருக்கு ஆயிரம் மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. இவ்வளவு தூசிக்கு ஜன்னலைத் திறந்தால் போதாதா? போதாது. அதே ஜெர்மன் ஆய்வாளர்கள் பின்னால் எந்த வகைப் பொடியால் எவ்வளவு தூசி எழுகிறது என்றும் பார்த்தார்கள். ஆல்கஹாலில் கலந்த திரவ வடிவத்தைப் பயன்படுத்தியபோது காற்றில் தூசி வெகுவாகக் குறைந்தது. பொடி பறக்கவே விடாததுதான் முதல் வழி. பறந்ததை வெளியேற்றுவது இரண்டாவது வழி, முகத்தை மூடுவது கடைசி வழி. இந்த வரிசை ஆரணிக்கும் பொருந்தும்.

ஆரணியில் ஜன்னலைத் திற என்று சொல்வது லேசு, செய்வது லேசு அல்ல. பட்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கும் பொருள், சாதாரண நிலையில் அதன் எடையில் பதினொரு சதவீதம் தண்ணீர். காற்று உலர்ந்தால் இழை முறுகும், ஆடிக் காற்று புகுந்தால் பாவு அலையும், அறுந்ததைப் பிணைத்தே அரைநாள் போகும். வெளித்தூசி சேலையில் படிந்தால் கூலியிலும் கை வைப்பார்கள். நெசவாளர் சாத்திக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை மதிக்காத ஆலோசனையை அவர் கேட்க மாட்டார்.

எனவே திறப்பு பாவின் உயரத்தில் வேண்டாம், கூரையை ஒட்டி வேண்டும். சூடான காற்று மேலே போகும், அந்த வழியாக வெளியேறும். பழைய ஓட்டு வீடுகளில் இந்த வேலையை ஓட்டிடுக்கும் முகட்டுத் துளையும் செய்தன. கான்கிரீட் தளம் போட்டபோது அதை மூடிவிட்டோம். இருபதடிக்குப் பத்தடி, பத்தடி உயரக் கூடத்தின் கொள்ளளவு சுமார் 57 கன மீட்டர். மணிக்கு 250 கன மீட்டர் இழுக்கும் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் விசிறி சமையல் பக்கச் சுவரின் உச்சியில் ஓடினால் அறைக் காற்று மணிக்கு நாலு முறைக்கு மேல் மாறும். புகை எழுவது நின்ற பிறகு, இப்படி மாறும் அறையில் ஒரு மணி நேரத்தில் கணக்குப்படி நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் எஞ்சும். ஒரே முறை மாறும் அறையிலோ முப்பத்தேழு பங்கு எஞ்சி நிற்கும். விசிறி பாவுக்கு எதிராக இல்லாமல் அடுப்புக்கு மேலே இருந்தால் தறிக்கும் தொல்லையில்லை. வெளியே கரித்தூள் அதிகம் பறக்கும் நேரத்தில் அதை நிறுத்தி வைக்கலாம்.

அடுத்தது துடைப்பம். குழித்தறியில் உட்காருபவரின் கால் குழிக்குள், முகம் தரையிலிருந்து மூன்றடிக்குள். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கியதும் எழும் தூசி அந்த உயரத்தில்தான் மிதக்கிறது. விளக்கு வைத்தபின் பெருக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள ஊரில் காலையில்தான் பெருக்குவார்கள், பெருக்கிய கையோடு தறியில் உட்காருவார்கள். ஈரத் துணியால் துடைக்கலாம், அல்லது பெருக்கி முடித்து அரைமணி நேரம் விட்டு உட்காரலாம். கொசுவர்த்திக்குப் பதில் வலை. ஈரத்துணி சிலருக்கு அலுப்பாக இருக்கும், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் செலவு ஏதும் இல்லாத பரிகாரம் இது.

நோய்க்கு வருவோம். இருமலும் இரைப்பும் தறியால் வந்ததா என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ நாலு நாள் வேறு ஊரில் இருந்தபோது மூச்சு லேசாக இருந்ததா, திரும்பி வந்ததும் கூடியதா என்று கவனித்தால் போதும். தொழில் ஆஸ்துமாவுக்கு இதுவே முதல் குறி. அந்தக் கட்டத்தில் தூண்டும் பொருளை விலக்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம். வருடங்கள் தள்ளிப் போட்டால் விலக்கினாலும் நோய் விலகாது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலைத் தூசி என்று சொல்லித் தள்ளிவிடாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம், காசநோய் இன்னும் நம் ஊர்களை விட்டுப் போகவில்லை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் பையில் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரையும் வைத்தால், தறி ஊர்களில் வீடு வீடாக நெசவாளர்களை ஊதச் சொல்லி அளந்துவிடலாம். ஒரு குழாய், ஓர் அளவுகோல், மின்சாரம் வேண்டாம். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர் பட்டியலைச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தால் யாரைத் தேடுவது என்ற தொல்லையும் இல்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த அரசு, அதை நெய்பவர் மூச்சையும் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

அது நடக்கும்வரை நெசவாளர் வீட்டு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இருமலுக்காக டாக்டரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: தறி வேலை, இத்தனை வருடம், வீட்டுக்குள்ளேயே, சாயமும் நாங்களே போடுகிறோம்.